லேப்டாப்புக்கு மேல்சட்டை: முதல் தடவை ஸ்கின் ஒட்டுகிறவர்களுக்கு

புது லேப்டாப் வீட்டுக்கு வந்ததும், மேல்மூடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கிழிக்கப் பாதிப் பேருக்கு மனசு வராது. அதுவும் கிடக்கட்டும், ஒரு பாதுகாப்புதானே என்று விட்டுவிடுவார்கள். முதல் வேலையாக அதைக் கிழித்துவிடுங்கள். தொழிற்சாலையிலிருந்து உங்கள் கைக்கு வந்து சேரும்வரை கீறல் படாமல் இருக்க ஒட்டிய தாள் அது. மாதக்கணக்கில் சூட்டிலும் வேர்வைக் கையிலும் கிடப்பதற்குச் செய்ததில்லை. ஓரம் கிளம்பும், கிளம்பிய இடத்தில் புழுதி ஏறும், பசை கறுக்கும். ஒரு கோடை போனால் மூடியைச் சுற்றி அழுக்குக் கோடு ஒன்று வந்துவிடும். அதைத் துடைத்து எடுப்பது, புதிதாக ஒரு ஸ்கின், அதாவது மூடிக்கென்று வெட்டிய மெல்லிய வினைல் ஸ்டிக்கர், ஒட்டுவதைவிடப் பெரிய வேலை.

நான் மதுரை திருப்பரங்குன்றத்தில் குடியிருந்து கப்பலூருக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போய்வந்த காலத்தில் என் முதல் லேப்டாப்பை வாங்கினேன். வாங்கிய கடையிலேயே, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு மாட்டுகிற கெட்டி பிளாஸ்டிக் கூடு ஒன்றையும் தலையில் கட்டிவிட்டார்கள். இதைப் போட்டால் உள்ளே ஒரு கீறல் விழாது என்று சொன்னார்கள். எட்டு மாதம் கழித்து ஒருநாள் அதைக் கழற்றிப் பார்த்தேன். கூட்டுக்கும் மூடிக்கும் நடுவில் மாவு மாதிரி மணல். அந்த மணல் பைக் குலுங்கிய குலுங்கலில் எட்டு மாதமும் மூடியைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. மூடி முழுக்க மங்கலான வட்ட வட்டக் கீறல். அதோடு போகவில்லை, இடது பக்கக் கீல் அருகே பிளாஸ்டிக் பிளந்திருந்தது. சரிபார்த்துக் கொடுத்த தம்பி, "மூடியில இவ்ளோ கனத்தை ஏத்துனா ஹிஞ்சு எத்தன நாளைக்குண்ணே தாங்கும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் எனக்கு இந்த விஷயத்தைக் கற்றுக்கொடுத்தது. அதற்குப் பிறகு என் வீட்டில், சொந்தக்காரர் வீட்டில், பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு என்று இருபது லேப்டாப்புக்கு மேல் ஸ்கின் ஒட்டிவிட்டேன். என் கட்சி இதுதான்: மூடியில் ஒட்டுவது எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நல்லது. அடி விழாமல் காப்பாற்றும் வேலையைப் பையிடம் விட்டுவிடுங்கள். கெட்டிக் கூடு வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டே தீருவேன் என்றால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழற்றி இரண்டு பக்கமும் துடைத்து மாட்டுங்கள். அதற்குப் பொறுமை இல்லாதவர் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

உடம்பு தெரிந்தால்தான் சட்டை தைக்கலாம்

சர்வீஸ் மேசையில் லேப்டாப்பின் வெளிக்கூட்டை நாலாகப் பிரித்துப் பேசுவார்கள். மூடியின் வெளிப்பக்கம் ஏ பேனல். திரையைச் சுற்றியிருக்கும் சட்டம் பி பேனல். கீபோர்டும் டச்பேடும் இருக்கும் தளம் சி பேனல். அடிப்பாகம் டி பேனல். ஏ பேனலில் நீங்கள் இஷ்டப்பட்டதைச் செய்யலாம். சி பேனலில் கொஞ்சம் யோசித்துச் செய்யலாம். பி, டி இரண்டையும் தொடாமல் விடுவது நல்லது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, கூடு எதில் செய்தது என்று பாருங்கள். விலை குறைந்த லேப்டாப்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், அல்லது அதோடு பாலிகார்பனேட் கலந்தது. காலையில் தொட்டால் ஜில்லென்று இருந்தால் அலுமினியமாக இருக்க வாய்ப்பு உண்டு. சில லேப்டாப்களின் மூடி தொட்டுப் பார்த்தால் ரப்பர் மாதிரி, மெத்தென்று இருக்கும். பிளாஸ்டிக்கின்மேல் பூசிய மென்பூச்சு அது. சில வருடத்தில் ஈரக்காற்றும் சூடும் பட்டு அந்தப் பூச்சே பிசுபிசுக்க ஆரம்பிக்கும். பிசுபிசுத்துப் போன மூடியில் எந்த ஸ்கின்னும் நிற்காது. எடுக்கும்போது பூச்சும் கூடவே உரிந்து வரும். இதை முதலிலேயே பார்த்துவிட்டால் காசு மிச்சம்.

ஒட்டுவதற்கு முன்னால் இன்னொரு சோதனை. இதை மட்டும் தயவுசெய்து தவறவிடாதீர்கள். லேப்டாப்பை அணைத்து, மூடி, சமமான கிரானைட் மேடையிலோ டைல்ஸ் தரையிலோ வையுங்கள். நாலு மூலையையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள். ஆடுகிறதா? டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா? மூடி ஒரு பக்கம் இறுக மூடாமல் இடைவெளி விடுகிறதா? அப்படியானால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். கூட்டில் கோளாறு என்று நினைத்து அழுத்தி ஒட்டுவதும், ஸ்க்ரூவை இறுக்குவதும் ஆபத்து. லித்தியம் பேட்டரி அழுத்தத்தில் தீப்பிடிக்கலாம். சார்ஜ் போடாமல் நேராகச் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். சி பேனல் கிளம்பிவிட்டது, ஸ்டிக்கர் போட்டு மறைத்துக் கொடுங்கள் என்று ஒரு பிள்ளை என்னிடம் கொண்டுவந்தது. திறந்து பார்த்தால் பேட்டரி தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது.

எந்த வினைல்

ஸ்கின் என்று விற்பது பெரும்பாலும் பின்பக்கம் பசையுள்ள வினைல் தாள்தான். ஆட்டோ, பைக், கார் கண்ணாடியில் ஒட்டுகிற ஸ்டிக்கரும் அதே குடும்பம். மதுரையில் ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடைக்கும் வண்டி ஸ்டிக்கர் கடைக்கும் பஞ்சம் கிடையாது. ஆன்லைனில் உங்கள் மாடலுக்கென்று வெட்டிய ஸ்கின் கிடைக்காவிட்டால் கவலைப்படாதீர்கள். ஒரு நல்ல ஸ்டிக்கர் கடையில் உங்களுக்கு வேண்டியது அத்தனையும் இருக்கிறது.

ஆனால் கடைக்காரரிடம் ஒன்று கேட்க வேண்டும்: இது காஸ்ட் வினைலா, காலண்டர்டு வினைலா? காலண்டர்டு என்பது சப்பாத்தி மாவைத் தேய்க்கிற மாதிரி, சூடான உருளைகளுக்கு நடுவில் நசுக்கி இழுத்துத் தாளாக்கியது. இழுத்துச் செய்ததால், சூடு பட்டால் பழையபடி சுருங்கப் பார்க்கும். காஸ்ட் என்பது தோசை வார்க்கிற மாதிரி, திரவமாக ஊற்றிப் பரப்பிக் காயவைத்தது. அதற்குள் இழுவிசை இல்லை, சூட்டில் சுருங்குவதும் மிகக் குறைவு. தடிமனும் காஸ்டில் குறைவு, சுமார் 50 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). காலண்டர்டு 80, 100 என்று இருக்கும். நம் ஊர்க் கத்திரி வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையில் கிடக்கும் லேப்டாப்பில் மலிவான காலண்டர்டு வினைல் ஓரம் ஓரமாக உள்வாங்கும். சுருங்கிய இடத்தில் பசை மட்டும் மிஞ்சும், அதில் புழுதி ஒட்டிக் கறுப்புக் கரை கட்டும். மூடி சமதளமாக இருந்தால் தரமான காலண்டர்டு போதும். ஓரம் வளைந்திருந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்துக் காஸ்ட் வாங்குங்கள்.

பசையில் காற்றுப் போக நுண்ணிய வாய்க்கால் வைத்த வினைல் கிடைத்தால் விடாதீர்கள். பின் காகிதத்தை உரித்துச் சாய்த்துப் பார்த்தால் பசையில் கட்டம் கட்டமாக மெல்லிய கோடு தெரியும். கொப்பளம் வந்தால் விரலால் தள்ளினாலே அந்த வாய்க்கால் வழியாகக் காற்று வெளியே போய்விடும். முதல் தடவை ஒட்டுகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

அம்மாவின் சுங்குடி

படம் என்ன போடுவது என்பது உங்கள் இஷ்டம். எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன். என் தங்கை மகள் கல்லூரியில் சேர்ந்தபோது அவளுடைய லேப்டாப்புக்குச் சுங்குடி டிசைன் போட்டோம். இணையத்தில் எடுத்த படம் வேண்டாம், ஆச்சி கட்டிய சேலையே இருக்கும்போது எதற்கு என்று அவள்தான் யோசனை சொன்னாள். பீரோவிலிருந்து அரக்குச் சிவப்புச் சேலையை எடுத்து, முந்தானைப் பக்கத்தை இஸ்திரி போட்டு, ஸ்கேனரில் விரித்து வைத்தோம்.

சுங்குடி மதுரைச் சௌராஷ்டிரர்களின் கைவேலை. 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. துணியை நகத்தால் கிள்ளி எடுத்து நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது, அதுதான் புள்ளி. பெரிதாக்கிப் பார்த்தபோது கையால் கட்டிய புள்ளி ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசாக இருந்தது. ஒன்று நெல்லுப்போல நீண்டு, ஒன்று ஒரு பக்கம் சப்பையாக, நடுவில் சாயம் கசிந்த ஒரு துளி. அச்சுச் சுங்குடியில் அது வராது. அந்தப் புள்ளிகளை உள்ளபடியே அதே அளவில் மூடியில் அச்சடித்தோம். பெரிதாக்கவில்லை. பெரிதாக்கினால் சேலை என்று யாருக்கும் தோன்றாது, ஏதோ புள்ளிப் படம் என்றுதான் தோன்றும்.

படம் தயார் செய்யும்போது கணக்கு இப்படி. 15.6 அங்குலத் திரையுள்ள லேப்டாப்பின் மூடி ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் நீளம், 24 சென்டிமீட்டர் அகலம் வரும். உங்களுடையதை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள், அந்த 15.6 என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு, அதை நம்பி வெட்டக் கூடாது. 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், இந்த மூடிக்குச் சுமார் 4250-க்கு 2830 பிக்சல் வேண்டும். ஏ4 ஸ்கேனரில் மூடி அளவுத் துணி ஒரே தடவையில் அடங்காது. இரண்டு தடவையாக எடுத்துச் சேர்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கொடுக்காதீர்கள், அது பிக்சலைக் குறைத்து அனுப்பியிருக்கும். அப்புறம், திரையில் பளபளக்கிற நிறம் அச்சில் ஒரு படி மங்கித்தான் வரும். உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டை மட்டும் முதலில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அச்சடித்ததும் மேலே லேமினேஷன் போடச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் உள்ளங்கை வேர்வையிலும் பை உரசலிலும் மை தேய்ந்துவிடும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். சால்வென்ட் மையில் அச்சடித்த வினைல் குறைந்தது ஒரு நாள் காய வேண்டும். மையில் இருக்கும் கரைப்பான் ஆவியாகப் போகாமல் லேமினேஷனுக்குள் மாட்டிக்கொண்டால் பசை இளகும், ஓரம் சுருளும். "நாளைக்கு வந்து வாங்கிக்கிறேண்ணே, நல்லாக் காயட்டும்" என்று நாமே சொல்லிவிட்டால் கடைக்காரருக்கும் நிம்மதி. லேமினேஷன் மேட்டாக இருந்தால் விரல் ரேகை தெரியாது. கிளாஸியில் நிறம் தூக்கலாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு கைபட்ட தடமும் தெரியும். நான் மேட் பக்கம்.

வெட்டுவதற்கு முன் காகித மாதிரி எடுங்கள். பழைய காலண்டர் தாளை மூடிமேல் வைத்து, ஓரத்தை விரல் நகத்தால் அழுத்தி மடித்தால் உருவம் பதிந்துவிடும். அந்தக் கோட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டுங்கள். இது முக்கியம். விளிம்புவரை சரியாக வெட்டிய ஸ்கின் பையில் போட்டு எடுக்கும்போதெல்லாம் உரசி உரசி உரிந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் உள்ளே இருந்தால் உரசாது, கண்ணுக்கும் தெரியாது. மூலைகளை ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து வளைத்து வெட்டுங்கள், கூர்மூலைதான் முதலில் கிளம்பும். வெட்டுவதெல்லாம் பாயின்மேலோ அட்டையின்மேலோ நடக்கட்டும். ஸ்கின்னை ஒட்டிவிட்டு மூடிமேலேயே பிளேடு போடாதீர்கள். கை எவ்வளவு பழகியிருந்தாலும் பிளேடு மூடியின் பெயின்ட்டில் கோடு போட்டுவிடும்.

ஒட்டுகிற நாள்

காலை நேரம் நல்லது. தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஃபேனை நிறுத்துங்கள். ஃபேன் ஓடினால் தூசியும் வந்து உட்காரும், உரித்த வினைலும் பறந்து தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும். லேப்டாப்பை முழுவதும் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, சூடு ஆறவிடுங்கள்.

முதலில் பிரஷ், அப்புறம்தான் துணி. இந்த வரிசை மாறக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத மணல் மூடியில் உட்கார்ந்திருக்கும்போது சட்டை நுனியால் ஒரு துடை துடைத்தால், அந்த மணலே உப்புத்தாளாகிவிடும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் கண்ணாடியையே கீறும், பெயின்ட் பூசிய பிளாஸ்டிக் எம்மாத்திரம். பெயின்ட் அடிக்கிற மெல்லிய பிரஷ், புதியது ஒன்று, இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். மூடியைச் சாய்த்துப் பிடித்து மேலிருந்து கீழாகத் தட்டிவிடுங்கள்.

பிறகு மைக்ரோஃபைபர் துணியில் 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கொஞ்சம் நனைத்துத் துடையுங்கள். துணியில் ஊற்ற வேண்டும், லேப்டாப்மேல் ஊற்றக் கூடாது. எண்ணெய்ப்பசை போனால்தான் பசை பிடிக்கும். ஓரங்களை இரண்டு தடவை துடையுங்கள், நம் கை அதிகம் படுவது அங்கேதான். ரப்பர்ப் பூச்சு மூடியில் ஆல்கஹால் வேண்டாம், பூச்சு கரையலாம். துளி சோப்பு கலந்த தண்ணீரில் முக்கிப் பிழிந்த துணி போதும். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். அசிட்டோன் பட்டால் ஏபிஎஸ் பிளாஸ்டிக் கரையும்.

இப்போது ஸ்கின்னைக் காகிதம் உரிக்காமலே மூடிமேல் வைத்து, நாலு பக்கமும் இடைவெளி சமமாக வரும்படி நகர்த்துங்கள். சரியாக வந்ததும் நடுவில் குறுக்காக மாஸ்கிங் டேப் ஒன்றை ஒட்டுங்கள், இரண்டு பக்கமும் மூடியைப் பிடிக்கிற மாதிரி. இந்த டேப் கதவுக்குக் கீல் போல. இடது பாதியைத் தூக்கி, பின் காகிதத்தை டேப்வரை உரித்து, அந்தக் காகிதத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள். பழைய ஏடிஎம் கார்டை மெல்லிய வேட்டித்துணியில் சுற்றிக்கொண்டு, டேப் இருக்கும் இடத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஒரு தடவைக்கு இரண்டு விரல் அகலம் மட்டும் அழுத்திக்கொண்டே போங்கள். இன்னொரு கை ஸ்கின்னின் நுனியை மூடியில் படாமல் தூக்கிப் பிடித்திருக்கட்டும். இடது பாதி முடிந்ததும் டேப்பை எடுத்துவிட்டு வலது பாதியையும் இதே மாதிரி. இரண்டு பேர் இருந்தால் சுலபம், வீட்டில் பொறுமைசாலி யாரோ அவரைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

நடுவில் கோணல் தெரிந்தால் நிறுத்துங்கள். ஒட்டிய பகுதியை மெதுவாகத் தூக்கித் திரும்ப வைக்கலாம், முதல் சில நிமிடத்தில் பசை முழுப் பிடிமானத்துக்கு வந்திருக்காது. இழுத்து மட்டும் சரிசெய்யாதீர்கள். இழுபட்ட வினைல் அன்றைக்கு அழகாக உட்கார்ந்து, அடுத்த வாரம் சுருங்கிப் பழைய இடத்துக்குப் போகும். கொப்பளம் வந்து, பசையில் வாய்க்காலும் இல்லாத வினைல் என்றால், மெல்லிய ஊசியைப் படுக்கைவசமாகக் குத்திக் காற்றை ஓரத்திலிருந்து ஊசித்துளைப் பக்கமாகத் தள்ளுங்கள்.

கடைசியில் ஓரங்களுக்கு மட்டும் ஹேர் டிரையர். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல், ஐந்தாறு விநாடி ஓட்டிவிட்டு விரலால் அழுத்துங்கள். மூடிக்குப் பின்னால் திரை இருக்கிறது என்பது ஞாபகம் இருக்கட்டும். கை பொறுக்கிற சூடு போதும். ஒட்டி முடித்த லேப்டாப்பை ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் பையில் போடாதீர்கள். பசை இறுகுவதற்கு அந்த நேரம் வேண்டும்.

ஒட்டக் கூடாத இடங்கள்

அடிப்பாகத்தில் காற்று உள்ளே போகிற துவாரங்கள் இருக்கும், ரப்பர்க் கால்கள் இருக்கும், சில மாடல்களில் ஸ்பீக்கரும் அங்கேதான். இதில் எதை மறைத்தாலும் தொல்லை. ரப்பர்க் காலை மறைத்தால் மேசையில் வழுக்கும், துவாரத்தை மறைத்தால் சூடு ஏறும். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் அடியில்தான் அச்சாகியிருக்கும், சர்வீஸுக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஃபேன் இல்லாத லேப்டாப்களில் கூடுதான் சூட்டை வெளியே தள்ளுகிறது. அவற்றின் அடியில் போர்வை போர்த்துவது நியாயமே இல்லை. அதனால் டி பேனலை வெறுமனே விடுங்கள்.

திரையைச் சுற்றிய சட்டத்தில் கேமராவும் மைக் துளையும் இருக்கின்றன. கேமராவை மறைக்க, நகர்த்தித் திறக்கிற சின்ன மறைப்பு ஒட்டுகிற பழக்கம் இருக்கிறது. இப்போதைய லேப்டாப்களில் மூடினால் திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவில் மயிரிழைதான் இடைவெளி. கேமராமேல் மறைப்பு ஒட்டியபடி மேக்புக்கை மூடினால் திரை உடையலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2020-இல் எச்சரித்தது. கட்டாயம் வேண்டுமென்றால் அச்சுக் காகிதத் தடிமனைத் தாண்டக் கூடாது, அதாவது 0.1 மில்லிமீட்டர். இதே காரணத்துக்காகத்தான் சிலிகான் கீபோர்டு கவரும் எனக்குப் பிடிக்காது. மூடியைச் சாத்தினால் அது திரையில் அமுங்கி எழுத்துக் கட்டங்களின் தடத்தைப் பதித்துவிடும். போட்டால் மூடுமுன் எடுத்துவிடுங்கள். சி பேனலில் உள்ளங்கை படுகிற இரண்டு பக்கமும் மெல்லிய வினைல் ஒட்டலாம். வேர்வை அதிகம் உள்ளவர்களுக்கு அது நல்லதும்கூட. டச்பேடை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: பளபளப்புக்காக உலோகத் தகடு, காந்தம் வைத்த அலங்காரம் எதுவும் வேண்டாம். மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று லேப்டாப் அறிவது காந்தத்தை உணரும் ஒரு சின்னச் சென்சாரால்தான். தப்பான இடத்தில் காந்தம் பட்டால் வேலை செய்துகொண்டிருக்கும்போதே தூங்கிவிடும். பல மாடல்களில் வைஃபை ஆன்டெனா திரைக்குள்ளோ கீல் அருகிலோ இருக்கும். அலுமினிய மூடியில் ஒரு ஓரத்தில் பிளாஸ்டிக் பட்டை தெரிந்தால் அது அலைகள் போய்வருகிற வழியாக இருக்கலாம். அங்கே உலோகத்தாள் ஒட்டினால் சிக்னல் குறையும்.

ஸ்பிரே பெயின்ட் அடிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முதல் தடவை செய்கிறவர்களுக்கு வேண்டாம் என்பதே என் பதில். மூடியைத் திரையிலிருந்து தனியே பிரித்து, தேய்த்து, பிரைமர் அடித்துச் செய்ய வேண்டிய வேலை அது. பிடிக்கவில்லை என்றால் ஸ்கின்னை உரித்துவிடலாம், பெயின்ட்டை உரிக்க முடியாது.

பை, பைக், பஸ்

ஸ்கின் கீறலைத் தடுக்கும், விழுகிற அடியைத் தடுக்காது. அதற்கு மெத்தென்ற ஒரு உறை வேண்டும். கடையில் வாங்கலாம், தைத்தும் கொள்ளலாம். நாங்கள் விளக்குத்தூண் பக்கம் சுங்குடித் துணி எடுத்துத் தைத்தோம். புதுமண்டபத்தில் மிஷின் போட்டிருந்த தையல்காரர்கள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள். பை, உறை, குடை என்று எதைச் சொன்னாலும் கை பழகியவர்கள். அளவு சொல்லும்போது லேப்டாப்பின் நீளத்தோடும் அகலத்தோடும் அதன் தடிமனையும், தளர்வுக்கு ஒரு சென்டிமீட்டரையும் சேர்த்து, "இது உள் அளவு" என்று அழுத்திச் சொல்லுங்கள். ஃபோமும் தையலும் அதற்கு வெளியே வர வேண்டும்.

உள்ளே வைக்க மெத்தைக் கடை ஸ்பாஞ்ச் வேண்டாம், சில வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும். செருப்புக்குப் போடுகிற ஈவிஏ ஷீட் ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் நன்றாக நிற்கும். உள் துணிக்கு ஃபிளானல். ஜிப் வைத்தால் ஜிப்பின் பற்கள் லேப்டாப்பில் படாதபடி உள்ளே ஒரு துணிப்பட்டை வைக்கச் சொல்லுங்கள், இதைச் சொல்லாவிட்டால் யாரும் வைப்பதில்லை. சுங்குடித் துணியைத் தைக்கக் கொடுக்கும் முன் கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசிக் காயவையுங்கள். சாயம் விடும் துணி அது, ஈரம் பட்டால் வெள்ளை மூடியில் சிவப்பு ஏறிவிடும்.

பைக்கில் போகிறவர்கள் லேப்டாப் பையை ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் வைக்காதீர்கள். ரோட்டுக் குழியின் அடி அத்தனையும் நேராக அதற்குத்தான் போகும். முதுகில் மாட்டினால் உங்கள் உடம்பே பாதி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பைக்குள் லேப்டாப்பின் மூடி முதுகுப் பக்கம் இருக்கட்டும். சார்ஜர் அதன்மேல் அமுங்கக் கூடாது, அந்தக் கட்டி அழுத்திய இடத்தில் திரையில் வெள்ளைப் புள்ளி விழும். தண்ணீர் பாட்டிலுக்கு வெளிப்பை. ஐப்பசி மழைக்குப் பையோடு ஒரு பிளாஸ்டிக் கவரும் இருக்கட்டும். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மேல் தட்டில் வைக்காமல் மடியிலேயே வையுங்கள், பிரேக் போட்டால் மேலிருந்து வருவது பை மட்டும் இல்லை, பக்கத்து ஆளின் பெட்டியும்தான்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப் போகாதீர்கள். மேக்புக்கைச் சும்மா வைத்திருப்பதற்கே 45 டிகிரி செல்சியஸ்தான் உச்சவரம்பு என்று ஆப்பிள் சொல்கிறது. மே மாதத்தில் மூடிய காருக்குள் அதைத் தாண்ட அதிக நேரம் ஆகாது.

கீலைப் பற்றி ஒரு வார்த்தை. மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் திறக்காதீர்கள், மேல் ஓரத்தின் நடுவில் பிடித்துத் திறங்கள். பிளாஸ்டிக் மாடல்களில் கீலின் ஸ்க்ரூக்கள் பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளைக் குமிழ்களில்தான் நிற்கின்றன. ஒரு பக்கமாக இழுத்தால் அந்தக் குமிழ் பெயர்ந்து வரும். திறக்கும்போது கடகடவென்று சத்தம் வந்தால், ஓரம் விரிகிற மாதிரித் தெரிந்தால், அந்த வாரமே காட்டிவிடுங்கள். ஆரம்பத்தில் சின்னச் செலவு, விட்டால் பேனலே மாற்ற வேண்டும்.

உரிப்பது

ஸ்கின் பழசாகிவிட்டால் ஒரு மூலையை ஹேர் டிரையரால் இளக்கி, மூடியோடு படிந்த மாதிரி தாழ்வாக, பின்பக்கமாக மடக்கி மெதுவாக இழுங்கள். நேர் மேலே பிடுங்கினால் பெயின்ட்டும் வரும், பசையும் தங்கும். தங்கிய பசைக்கு நாட்டு மருந்துக் கடை நீலகிரித் தைலம் நல்ல மருந்து. முதலில் கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சொட்டுத் தொட்டுப் பாருங்கள், பெயின்ட் மங்கவில்லை என்றால் பஞ்சில் நனைத்துப் பசைமேல் ஒரு நிமிடம் வைத்து, விரலால் உருட்டி எடுத்துவிடுங்கள். தைலம் அங்கேயே ஊறிக் கிடக்க விடாமல் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்துக் காயவையுங்கள்.

வெட்டியதில் மிஞ்சிய வினைலைத் தூக்கிப் போடாதீர்கள். நோட்டுக்குள் தட்டையாக வைத்து, பீரோ மேலே இல்லாமல் உள்ளே, சூடு படாத இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்தில் எப்படியும் ஒரு மூலை தேயும். அந்த மூலைக்கு நகத்தளவு துண்டு ஒன்று வெட்டி ஒட்டினால், என் தங்கை மகளின் லேப்டாப்பில் ஒட்டியிருப்பது போல, புள்ளியோடு புள்ளி சேர்ந்துவிடும்.